பாதி மினுங்கும் சரிவு

1

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிபாளையத்துக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் ஊரொன்றில் ஒரு வாசிகசாலையைக் கண்டேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்குள்ளவர்கள் இக்கதையைத் திருத்த வந்துவிடுவர். வாசிகசாலைப் படிகளின் பக்கத்தில், சக்கரநாற்காலி ஏறுவதற்கென ஒரு சீமெந்துச் சரிவு அமைக்கப்பட்டிருந்தது. அதன் மேற்பாதி கலியாண வீட்டு நிலம்போலச் சிவந்து மினுங்கிற்று. கீழ்ப்பாதி, தும்புத்தடித் துடைப்பத்தால் இழுத்த கீறல்களோடு சாம்பல் நிறத்திற் சொரசொரப்பாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு.

நான் எவரிடமும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சிவப்புத் தூள் முடிஞ்சி போச்சு" என்று யாரேனும் சொல்லியிருப்பார்; கதை அவ்விடத்திலேயே இறந்திருக்கும்.

[அச்சரிவில் இன்னுமொன்றையும் கண்டேன். அதை இறுதிக்கென ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் மறந்தால் நீங்கள் நினைவூட்டுக.]

2

தொடக்கங்கள்.

"கடல் ஊருக்குள் வந்த காலையில், உதயரூபன் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டினுள்ளே…"

இதை இங்கேயே நிறுத்துகிறேன். இக்கரையில் எழுதப்படும் கதைகளிற் பாதி கடலிலேயே தொடங்குகின்றன. தொடங்கிய பின் கடல் கதையைத் திருப்பித் தருவதில்லை.

"யுத்தம் முடிந்ததென்று வானொலி அறிவித்த அன்று, வாசிகசாலையின் மண்மூட்டைகளுக்குப் பின்னால்…"

மீதிப் பாதிக் கதைகள் இவ்வாறு தொடங்குகின்றன. இதுவும் வேண்டாம்.

"வதனிக்கு ஒரு சீமெந்துச் சரிவின்மீது பொறாமை உண்டாயிற்று."

இது நிற்கட்டும்.

3

வதனியின் கணவன் உதயரூபன். கடல் வந்த அன்று வீட்டுக் கூரையின் வளைமரம் முறிந்து அவன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சேற்றுக்குள் இருந்து அவனை இழுத்தெடுத்தவள் வதனி. நிவாரணத்தில் ஒரு சில்லுக்கதிரை கிடைத்தது. அதில் வைத்து, வேலிகளுக்கு இடையிலான ஒழுங்கை வழியே தள்ளிக்கொண்டு போனால் வாசிகசாலை வரும்.

அவ்வாசிகசாலையும் கடலோடு போய், பின்பு புதிதாகக் கட்டப்பட்டது. இன்னொரு முறை கடல் வந்தாலும் புத்தகங்கள் நனையாதிருக்க வேண்டுமென்று ஊரார் கேட்டு, அத்திவாரத்தை ஆளுயரத்துக்கு எழுப்புவித்தனர். எழுப்பியபோது அனைவரும் மகிழ்ந்தனர். கடலைத் தடுக்க எழுப்பிய உயரம் முதலில் தடுத்தது உதயரூபனைத்தான். அதன்பின் சிலகாலம் அக்கட்டடம் படையினரின் காவலரணாயிற்று. யுத்தம் முடிந்து அது ஊரிடம் திரும்பியபோது உயரம் அப்படியே இருந்தது.

ஆகவே வதனி அவனைச் சுமந்தாள். பின்னேரங்களில் கதிரையைப் படியடியில் நிறுத்தி, அவன் கைகளைத் தன் கழுத்திற் கோத்து, முதுகில் ஏற்றிப் படியேறுவாள். உள்ளே இருப்பவர்கள் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு வழி விடுவர். மேசை முன்னே அவனை இருத்தி, சாரத்தைச் சரிசெய்துவிட்டு, "மறுகா வாறன்" என்று சொல்லி இறங்குவாள். அடுப்பு வேலை முடிந்த பிறகு வந்து தூக்கிச் செல்வாள்.

"நீ இல்லாட்டி அவன் என்ன ஆகியிருப்பான் புள்ள" என்று ஊர்ப் பெண்கள் சொல்வர்.

"என்னகா செய்யிற, ஆரும் செய்யிறதுதானே" என்பாள் வதனி. ஆனால் அச்சொல்லைக் கேட்பதற்காகவே அவள் ஒழுங்கையில் சற்று மெதுவாக நடப்பதுண்டு.

(அவளைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. கடல் அவளிடமிருந்து வீட்டையும் தாயையும் எடுத்தது. ஈடாக அவளுக்குக் கிடைத்த ஒரே பெயர், 'வதனி தூக்கிக்கொண்டு போகிறாள்' என்பது.)

4

அகீலா ஏறாவூரிலிருந்து வந்தாள். பொது இடங்களில் எல்லோரும் ஏறி இறங்கக்கூடிய வழி அமைக்கும் நிறுவனமொன்றில் அவளுக்கு வேலை. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். ஒரு பக்கம் ஊன்றுகோல்.

"முக்காட்டுக்குள் நிலவுபோல முகம் உடைய…"

இல்லை. அகீலாவை அழகியாக்கினால் வதனியின் பொறாமை மலிந்துபோகும். அவளுக்குச் சாதாரண முகத்தையே கொடுக்கிறேன். மூக்குக் கண்ணாடி அடிக்கடி வழுகும்.

அகீலா படியடியில், உதயரூபனின் கதிரைக்கு நேரே குந்துத் திண்டில் அமர்ந்தாள்.

"எங்க எல்லாம் போகணும் எண்டு உங்களுக்கு விருப்பம் அண்ணன்?"

வதனி முந்திக்கொண்டாள். "அவருக்கு இந்த வாசிகசாலை போதும் மிஸ். நான் தூக்கிக்கிட்டுப் போறன்தானே."

"நான் அவர்ட்டத்தான் கேட்டன் அக்கா."

உதயரூபன் நிமிர்ந்து வாசிகசாலை வாசலைப் பார்த்தான். பிறகு, "பேப்பர் வாசிச்சு முடிஞ்சா, உடன எழும்பி வெளிய வரணும். அவ்வளவுதான்" என்றான்.

"எழும்பியோ?"

"சரி, உருண்டு."

இருவரும் சிரித்தனர். கடல் வந்த பின் அவன் அவ்வாறு சிரித்ததை வதனி கேட்டதில்லை. அதைக்காட்டிலும் அவளைச் சுட்டது வேறொன்று. பத்திரிகை எப்போதோ முடிந்துவிடும். அதன்பின் அவன் அம்மேசை முன்னே வெறுமனே காத்திருந்திருக்கிறான். அதை அவளுக்குச் சொல்லவில்லை. ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருத்திக்கு, ஒரே கேள்வியில் சொல்லிவிட்டான்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கேட்டாள்: "என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கல்லயே" என்றான் அவன். கோபமில்லாமலே சொன்னான்.

5

அகீலாவின் நிறுவனம் சரிவு கட்ட அமர்த்திய மேசன் வினாயகமூர்த்தி இல்லாமல் இக்கதை நகராது. அப்பக்கத்தில் பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். அவ்வீட்டு நிலத்தைச் சிவப்புச் சீமெந்தால் மினுக்கிக் கொடுப்பதில் வினாயகமூர்த்திக்கு நிகரில்லை. வதனியின் சீதன வீட்டு நிலத்தை மினுக்கியவரும் அவரே. அவ்வீடு கடலோடு போயிற்று, அவர் பெயர் மிஞ்சிற்று.

"சரிவை மினுக்கக் கூடாது மூத்தவர்" என்று அகீலா அவருக்கு இரண்டு தரம் சொன்னாள். "தும்புத்தடியால கீறி விடுங்க. மழையில சில்லு வழுக்கப்படாது."

"ஓம் புள்ள, ஓம்."

அவள் பஸ் ஏறியதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. வதனியிடம் சொன்னார்: "ஊரெல்லாம் பாக்கிற இடம். சொரசொரண்டு விட்டுட்டுப் போனா, மேசன் வேலையில ஏமாத்திப்போட்டான் எண்டு சனம் கதைக்கும். உன்ர மனிசன் ஏறப்போறது புள்ள. சீதன வீட்டு நிலம் மாதிரித் தாறன்."

அவர் உச்சியில் தொடங்கிப் பின்னோக்கி இறங்கி இறங்கி மினுக்கினார். வதனி தேநீரோடு வந்து படியில் அமர்ந்தாள். அகீலா சொன்னதை அவள் கேட்டிருந்தாள். மாரி தொடங்கினால் அச்சிவப்பில் சில்லு நிற்காது என்பதும் அவளுக்குத் தெரியும். சில்லு நில்லாவிட்டால் முதுகு வேண்டும்.

இவ்விடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு முடிவுகள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன.

அ) வதனி உடனே சொல்லிவிடுகிறாள். நல்ல பெண். ஆனால் அப்படியாயின் சரிவு முழுவதும் சாம்பலாக இருந்திருக்க வேண்டும்.

ஆ) வதனி சொல்லவே இல்லை. கெட்ட பெண். சரிவு முழுவதும் சிவந்திருக்க வேண்டும்.

நான் கண்டதோ பாதி. ஆதலால் அவள் சொன்னாள், உடனே சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவள் மனத்தில் என்ன இருந்தது என்பதை எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்தேன். அவளுக்கு அவனுடைய பாரம் தெரியும். தோளில் எவ்விடத்தில் அழுத்தும், மூச்சு எப்பக்கம் படும் என்பதெல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்தவை சொற்களே. கதை சொல்பவனுக்கும் தன் பாத்திரத்தின்மீது பொறாமை வரும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

6

ஆகவே ஆர்த்திகாவை வரவழைக்கிறேன்.

ஆர்த்திகா வன்னியில் கடைசிக் கட்டச் சண்டையில் ஒரு காலை இழந்து, முகாமில் விசாரணைகளோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். துணைக்கு ஒருவரும் இல்லை. வாசிகசாலையின் ஓர் அறையில் கிராம சேவகர் வந்திருக்கும் நாளில், பொய்க்காலோடு படியேற முடியாமல், கீழே நின்று யன்னலைப் பார்த்துப் பேசுவாள். அவளுடைய வீட்டு விஷயம், கடிதம், கையொப்பம் எல்லாம் ஒழுங்கையில் போகிறவர் காதில் விழும்.

அன்று அவள் வந்து சரிவையும் வதனியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆருக்கக்கா இது?"

"அவருக்கு."

"கடல் எடுத்த காலுக்குக் கதிரை குடுத்தாங்க, சரிவும் குடுக்காங்க. சண்டை எடுத்த காலுக்குக் கேள்விதான் குடுத்தாங்க." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "கோவிக்காதீங்க. எனக்கு உங்கட மனிசன்ல எரிச்சல்தான். அவருக்குத் தூக்க ஒரு முதுகு இருக்கு. எனக்கு யன்னல்."

தன் முதுகின்மீது இன்னொருத்தி பொறாமைப்படுவாளென்று வதனி நினைத்ததே இல்லை. ஒரு கணம் அது அவளுக்கு இனித்தது. மறுகணம் ஆர்த்திகா பொய்க்காலைச் சிவப்பின்மேல் வைத்துப் பார்க்க முனைந்தாள்.

"ஈரம், ஈரம்" என்று மேசன் தடுத்தார். "காயட்டும் புள்ள. கண்ணாடி மாதிரி வரும்."

"கண்ணாடியில நான் எப்புடி மூத்தவர் ஏறுற?"

 மேசனின் கையிலிருந்த சாந்தகப்பை மினுக்கிக்கொண்டே இருந்தது. ஆர்த்திகா வதனியைப் பார்த்தாள். அப்பார்வையில் வேண்டுதல் இல்லை. தனக்கு இதுவும் கிடையாது என்று முன்னமே முடிவுசெய்து, பழகிவிட்ட ஒரு முகம். பத்திரிகை முடிந்த பின் உதயரூபன் மேசை முன்னே இருந்ததும் இந்த முகத்தோடுதான் என்பது வதனிக்குத் தெரிந்தது.

"நிப்பாட்டுங்க மூத்தவர்" என்றாள் வதனி. "மிஸ் கீறச் சொன்னவ."

"பாதி முடிஞ்சிது புள்ள."

"மிச்சத்தையாவது கீறுங்க."

அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுத் தும்புத்தடியை எடுத்தார். கோடு விழுந்தது அவ்விடத்தில்.

[வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம்: அவள் சொல்லத் தாமதித்தாளா, பாதி சிவக்கும்வரை பார்த்திருந்தாளா? எனக்கும் அதே ஐயம்.]

7

மாரி தொடங்கிய பின்னேரம் உதயரூபன் தனியே வந்தான். வதனி ஒழுங்கை முனையில், அவன் காணாதபடி வேலியோரம் நின்றாள். சாம்பல் பாதியில் அவன் கைகள் சில்லைத் தள்ளித் தள்ளி ஏற்றின. கோட்டைத் தாண்டியதும் சில்லு பின்னுக்கு வழுகிற்று. அவன் இறங்கி, மறுபடியும் ஏறினான். மறுபடியும் வழுகிற்று. கோட்டருகே கதிரையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். பின்னால் ஆர்த்திகா, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி.

அவன் வதனியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் ஓடியிருப்பாள். கூப்பிடாததனால் அவளுக்கு எவ்வளவு எரிந்ததென்றால்…

(இவ்வாக்கியத்துக்கு முடிவு கிடைக்கவில்லை.)

அவள் போனாள். அன்று அவனை மேலே தள்ளினாள். திரும்பி வந்து ஆர்த்திகாவுக்கும் தோள் கொடுத்தாள். ஆர்த்திகா முதன்முறையாகக் கிராம சேவகருக்கு முன்னே கதிரையொன்றில் அமர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள். உதயரூபன் பத்திரிகையை முடித்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

மறுநாள் வதனி மேசன் வீட்டு வாசலில் நின்றாள்.

"உளியையும் சுத்தியலையும் தாங்க."

"நானே வந்து கொத்தித் தாறன் புள்ள. என்ர பிழைதானே."

"இல்ல மூத்தவர். அது என்ர பாதி."

8

இனி, நான் ஒதுக்கி வைத்தது. கோட்டுக்குச் சற்று மேலே, சிவப்பின்மீது, உளியால் கொத்திய புள்ளிகளைக் கண்டேன். மேசன் கொத்தியவை அல்ல, அவ்வளவு ஒழுங்கில்லை. ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி அத்தோடு நின்றிருந்தது. உளி யன்னல் விளிம்பில் கிடந்தது.

முடிவை எழுத மூன்று முறை முயன்றேன். அவள் ஒரே நாளில் முழுவதையும் கொத்தி முடித்தாள் என்று எழுதினேன். அது வதனி அல்ல, நான் விரும்பிய வதனி. உளியை வாவிக்குள் எறிந்தாள் என்று எழுதினேன், அதுவும் அவளல்ல. நாளுக்கு ஒரு விரலளவு கொத்துகிறாள், கொத்தும் நாளில் அவனோடு பேசுவதில்லை என்று எழுதினேன். இது உண்மைக்கு அண்மையில் இருப்பதுபோலத் தோன்றுகிறது; ஆயினும் உறுதியில்லை. வாவிக் காற்றில் இரும்பு விரைவிலே துருவேறும். அவ்வுளியில் துருவில்லை. யாரோ அதைத் தொடுகிறார் என்பதற்கு அது சான்று, கொத்துகிறார் என்பதற்கன்று.

நீங்கள் அப்பக்கம் போவீர்களாயின், படியால் ஏறாமற் சரிவால் ஏறுங்கள். கோடு மேலே நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் கதை முடிந்துகொண்டிருக்கிறது.

நகராதிருந்தால், உளி யன்னல் விளிம்பில் இருக்கிறது.