அசனத்துக்குப் போன மூக்கு லாரி

அப்பா அந்தக் காலத்தில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிவந்த, எஞ்சின் மூக்குப்போல முன்னே நீண்ட மூக்கு லாரி ஓடாமல் கிடந்தது. அதை நானும் மெக்கானிக் மந்திரமூர்த்தியும் இரண்டு வருடம் பாடுபட்டு எழுப்பிவிட்டோம். நாலுவழிச் சாலையில் கங்கைகொண்டான் வரை சளைக்காமல் ஓடியது. பாளையங்கோட்டைத் தெருக்களில் ஊர்ந்தால்தான் எஞ்சின் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் கோயிலில் அசனம், சபையே கூடி உண்ணும் விருந்து. சமையலுக்கான குலைகளோடு லாரி முன்னே போக, சபையார் பாடிக்கொண்டு பின்னே நடப்பார்கள். ஆள் நடக்கும் வேகம்தான். அப்பா ஓட்டியபோது பக்கத்து இருக்கை அம்மாவுடையது. எண்பத்தொரு வயதில், அதில் இன்னொரு முறை உட்கார வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

ரேடியேட்டரைக் கழுவினோம். தண்ணீர் பம்பை மாற்றினோம். கொதிப்பு நிற்கவில்லை.

"ஓடுனா ஆறுது, நின்னா கொதிக்குதுன்னா குத்தம் தண்ணியில இல்ல வே, காத்துல" என்றார் மந்திரமூர்த்தி.

சரிதான். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு வாழைச்சருகை ரேடியேட்டரின் முகத்தில் வைத்தேன். இழுவை இருந்தால் ஒட்டியிருக்கும், நழுவி விழுந்தது.

"விசிறியச் சுத்தி ஒரு தகரக் கூடு இருந்திருக்கணுமே?" என்றார் மந்திரமூர்த்தி.

இருந்தது. கை படாமலிருக்க வைத்த மறைப்பு என்று நினைத்து நான்தான் கழற்றிப் போட்டேன். சிவப்புப் பூசிய விசிறி வெளியே தெரியட்டும் என்ற ஆசை வேறு. ஓட்டை உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறுமா? காற்றுத்தான் வரும். கூடில்லாத விசிறியும் அப்படித்தான். வெளிக்காற்றை இழுக்காமல் பக்கத்துச் சூட்டையே சுற்றிச் சுற்றி அள்ளும்.

வாசலிலிருந்து அம்மா கேட்டாள். "வட்டமா ஓட்ட போட்ட தகரமா லே? ஆடு கடிக்காம கறிவேப்பிலைக் கன்னுக்கு வச்சிருக்கேன்."

"நல்லாருக்கும்மா! கன்னு குளுகுளுன்னு நிக்கி, இங்கன எஞ்சின் வேகுது."

"கேட்டா தந்திருப்பேம்லா? இத்தன நாளா ரெண்டு பேரும் என்னத்தப் பிடுங்குனீய?"

கிளைகளைச் சேர்த்துப் பிடித்து, கூட்டைப் பைய மேலே உருவினோம். துரு சுரண்டி, விசிறியைச் சுற்றிப் பழைய துளைகளிலேயே முடுக்கினோம்.

ஞாயிறு காலை வெயிலில் லாரி முதல் கியரில் ஊர்ந்தது. பின்னால் பாட்டு. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து அம்மா என் தோளைத் தட்டினாள்.

"ஏம்லே இம்புட்டு வெரசாப் போற? ஒங்கப்பா இதவிடப் பைய போவாவ."

நான் ஆக்சிலரேட்டரில் காலை இன்னும் தளர்த்தினேன்.