வரைபடத்தில் நீலமான வீடு

ஆள் குடியில்லாத வீடுகள் நகரத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போடுவதுதான் என் ஆராய்ச்சி. மாலை வேளைகளில் ட்ரோன் பறக்கவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தையும் சுவரின் சூட்டையும் படமெடுப்போம். இரண்டும் இல்லாத வீடு வரைபடத்தில் நீலமாகிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், போன வாரம் வந்த வரைபடத்தில் என் வீடே நீலமாக இருந்தது.

லேபில் ஒரே கும்மாளம். பேயாக வந்து வேலை பார்க்கிறாயா என்று கிண்டலடித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். விடிவதற்குள் கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு திரும்பி, விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிடுகிறவளின் வீட்டில் ட்ரோன் எந்த வெளிச்சத்தைப் படமெடுக்கும்?

பேராசிரியர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "நீதான் அங்க இருக்கியே, தப்புன்னு குறிச்சுட்டுப் போ" என்றார். எனக்குத்தான் வீம்பு. சந்தேகம் வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதே தீர்ப்பு என்று விதி எழுதியவளே நான்தான். அதற்காக அவரிடமே மல்லுக்கட்டியிருக்கிறேன். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? கேட்டுவிட்டே குறிக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. தன் வரைபடம் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆராய்ச்சிக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாடியில் என் வீட்டுக்கு எதிரே ஒரே ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் வந்தார். நான்கு வருடமாக அவருடைய மிஷின் சத்தத்தைக் கேட்கிறேன், முகத்தைப் பார்த்தது அன்றுதான். ஆராய்ச்சியை விளக்கிவிட்டு, என் வீட்டுக் கதவைக் காட்டிக் கேட்டேன்.

"அதுலயா? யாரும் இல்லம்மா. பூட்டியேதான் கெடக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தார், பாவம். நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். காலி வீடு என்று குறித்துக்கொண்டேன். நன்றி சொல்லித் திரும்பியபோது கூப்பிட்டார்.

"யாராச்சும் வாடகைக்கு வீடு தேடினா சொல்லுங்கம்மா. நானும் தனி ஆளுதான். எதிர்ல ஒரு ஆள் இருந்தா பேச்சுத்துணைக்கு ஆகும்."

வீட்டுச் சாவி பைக்குள்தான் இருந்தது. எடுத்து அவர் கண்முன்னே பூட்டைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. முடியவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்தவளை வழியனுப்பும் மரியாதையில் அவர் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு, என் வீட்டைத் தாண்டிப் படியிறங்கினேன்.