பச்சைப் பெயின்ட்

“பாலத்துச் சாவியைக் குடுங்க சார்.”

கேட்டுவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று வேனை ஓட்டிக்கொண்டே அப்பா வழியெல்லாம் சொல்லியிருந்தார். வேன் தலைவருடையது. அப்பா அவருடைய டிரைவர். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கத் தலைவர் ஒரு போன் செய்ததை எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டாத குறை.

தலைவர் டீயை ஊதிக் குடித்தார். மலைப்பாதைத் தொண்டர் குழுவுக்கு அவர்தான் தலைவர். விழுந்த மரத்தை அறுப்பது, பாதையில் கல் அடுக்குவது, ஓடைப் பாலங்களைச் சரிசெய்வது, இதெல்லாம் எங்கள் குழுவின் வேலை. காடு வனத்துறையுடையது, உழைப்பு எங்களுடையது. ஒப்பந்தம் அப்படி. கருவி அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் வனத்துறை ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பாலம்?”

“பள்ளத்துப் பாலம். கேட்டைப் பூட்டணும். நாளைக்கு ஸ்கூல் பசங்க நாப்பது பேரு அது மேல நடக்கப் போறாங்க.”

சட்டைப் பையிலிருந்ததை மேஜையில் கொட்டினேன். காப்பித்தூள் நிறத்தில் ஈர மரத்தூள். பாலத்தைத் தாங்கும் இரண்டு உத்தரங்களில் ஒன்றில் காலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியிருந்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே மட்டும் பளபளவென்று பச்சைப் பெயின்ட். மரம் ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்று நான் கத்தக் கத்த, திறப்பு விழாப் படத்துக்காகத் தலைவர் பூசச் சொன்னது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்றுவிட்டது.

“மரம்னா கொஞ்சம் மெத்துன்னுதாம்மா இருக்கும்.”

“அது மெத்தை சார்.”

ரேஞ்சர் சிரித்தார். தலைவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

“உன் பொண்ணு நல்லாப் பேசக் கத்துக்கிட்டாப்பா” என்றார் தலைவர், கதவோரம் நின்ற அப்பாவிடம். அப்பா அந்த அறையில் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

“இங்க பாரு” என்றார் தலைவர் என்னிடம். “ஒரு தடவை பூட்டினா பாலம் வனத்துறை கைக்குப் போயிடும். பிரிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க, திரும்பக் கட்ட மாட்டாங்க. அத்தோட பாதையும் போச்சு. இந்தத் தோள்ல கல்லு சுமந்து போட்ட பாதை அது.”

பொய்யில்லை. தோளில் தழும்பு இருக்கிறது. அதற்காக?

ரேஞ்சர் பக்கம் திரும்பினேன். “அப்ப நீங்க பூட்டுங்க சார்.”

“பராமரிப்பு உங்க குழுவோடது. தலைவர் எழுதிக் குடுக்காம நான் எப்படிம்மா பூட்டுறது?”

“கூட்டுப் பராமரிப்புன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கண்ணை மூடிக்கிறதா?”

“கோபப்படாதம்மா” என்றார் ரேஞ்சர். “ஒவ்வொருத்தரா விடலாம். பிடிச்சுக்க ஒரு கயிறு கட்டிடுவோம்.”

“பாலத்தைப் பார்த்துக் குதிக்காத பசங்களை நீங்க பார்த்திருக்கீங்களா? பிடிச்சுக்கக் கயிறு இருக்கும். நிக்க என்ன இருக்கும்?”

தலைவர் டம்ளரை வைத்தார். “நாளைக்கு நடக்கட்டும். திங்கக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.”

“திங்கக்கிழமை எதைப் பார்ப்பீங்க?”

“போதும்” என்றார் அப்பா. “சார்கிட்ட மன்னிப்புக் கேளு.”

“எதுக்குப்பா?”

“எதுக்கா? நீ தின்னு வளர்ந்த சோறு யாரோடது?”

“நீங்க வண்டி ஓட்டிச் சம்பாதிச்சது.”

“அந்த வண்டி நாளைக்கும் ஓடணுமா வேண்டாமான்னு அவகிட்ட கேளுப்பா” என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டு சொன்னால் மிரட்டலாகாது என்று நினைப்பு.

அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் தொங்கிய ஆணி பிடுங்கும் கம்பியைக் கழற்றினேன்.

“அது எதுக்கு?”

“பாலத்து மேல்பலகையைப் பிரிக்கத்தான். நடுவுல பத்துப் பலகை இல்லன்னா உங்க சாவி யாருக்கு வேணும்? நான் அடிச்ச ஆணிதானே, எனக்கே பிடுங்கத் தெரியும்.”

உத்தரத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவியபோதே எடுத்த முடிவு அது. சாவி கேட்டது ஒரு மரியாதைக்கு.

தலைவர் எழுந்தேவிட்டார். “பொதுச்சொத்து! போலீசைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க. ஏன் பிடுங்கினன்னு முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அந்தத் தூளை ஊதிடாம வைங்க.”

ரேஞ்சருக்குத் திடீரென்று செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது.

அப்பா கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார். “வண்டி வராது.”

“உங்களை யாரு கூப்பிட்டா? நடந்துதான் போறேன்.”

கையை அவர் எடுக்கவில்லை. கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கைக்குக் கீழே புகுந்து வெளியே வந்தேன்.