கையை எடுக்கும் முன்

கிழக்கு வெளுக்கும்போதே ஜெயக்கொடி ஷெட்டில் குந்தியிருந்தாள். கழற்றிய எஞ்சின் பாகங்கள் டீசல் தட்டில் ஊறிக் கிடந்தன. தேய்க்கத் தேய்க்க விரல் வெடிப்புகளில் டீசல் இறங்கி எரிந்தது. ஊருக்கு மேலே நின்ற ராஜகிரிக் கோட்டைப் பாறையில் இன்னும் வெயில் ஏறவில்லை.

எதிரே, வாய் பிளந்து நின்ற காருக்குள் இளவரசன் இடுப்புவரை கவிழ்ந்து, புது டைமிங் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மேல் பல்சக்கரத்துக் கோடும் கீழ்ச் சக்கரத்துக் கோடும் தத்தம் குறியில் நிற்க வேண்டும். பிசகினால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே நாசம். பெரிய மெக்கானிக் கன்னியப்பன் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றிக்கொடுத்தான்.

"பெல்ட்டு ஒரு பல்லு தள்ளி ஒக்காந்திருக்குதுண்ணா. மறுபடி கழட்டணும்" என்றான் இளவரசன்.

முதலாளி வெங்கடரமணன் பைக்கை விட்டு இறங்கும்போதே கத்தினான். அவனும் ஒரு காலத்தில் இதே கிரீஸில் புரண்டவன்தான்.

"இன்னாடா, இன்னும் நோண்டிக்கினு இருக்கீங்க? கல்யாணத்துக்குப் போற வண்டிடா! வண்டிக்காரப் பார்ட்டி என் வீட்டு வாசல்ல நிக்கிறான்."

"கையால சுத்திப் பாக்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது மொதலாளி" என்றான் கன்னியப்பன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

கழற்றி வைத்திருந்த பேட்டரி ஒயரை வெங்கடரமணனே மாட்டினான். காருக்குள் ஏறினான். "கைய எட்றா!" என்று கத்தியதும் சாவி திரும்பியதும் ஒன்றாக நடந்தன.

"ஐயோ, அவன் கை உள்ள இருக்குது!"

ஜெயக்கொடியின் கூச்சல் யாருக்கும் எட்டவில்லை. பெல்ட் இளவரசனின் கையை உள்ளே இழுத்தது. இரும்பு இரும்பில் மோதும் சத்தம். அதற்கு மேலே அவன் அலறல். பிடுங்கிய கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

இறங்கி வந்த வெங்கடரமணன் கையைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தான். "வால்வு போச்சு! கெடுத்துட்டியேடா பாவி!" விழுந்து கிடந்தவனை நெஞ்சில் உதைத்தான்.

கன்னியப்பன் பாய்ந்து முதலாளியின் சட்டையைப் பிடித்தான். வெங்கடரமணன் ஜாக்கி ராடை எடுத்து ஓங்கி அடித்தான்; கன்னியப்பனின் நெற்றி பிளந்தது. மறுபடி ஓங்கிய கையில் ஜெயக்கொடி தொங்கினாள். முழங்கையால் இடித்தான், உதடு கிழிந்தது. அவள் பிடியை விடவில்லை. ராடு கன்னியப்பன் கைக்குப் போனது. முதலாளி சுவரோடு ஒட்டினான்.

அடி, அடி என்றுதான் அவள் மனசும் துடித்தது. ஆனால் கீழே இளவரசனின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"வேணாம்ணா! நீ ஜெயிலுக்குப் போயிட்டா இவனுக்கு யாருண்ணா நிக்கிறது?"

கன்னியப்பன் ராடைக் கீழே போட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஷெட் ஆட்கள் இளவரசனை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மறுநாள் விடியலில் ஷெட் கேட்டை மறித்து ஜெயக்கொடியும் கன்னியப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஷெட்டுகளும் திறக்கவில்லை. வெங்கடரமணன் திண்டிவனத்திலிருந்து புது மெக்கானிக் ஒருவனைக் கூட்டிவந்தான். தங்கராஜ் என்று பேர்.

"வழிய விடுங்க. இல்லன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. நாங்க குடுத்த கம்ப்ளெயின்ட்டுக்கு இன்னும் ஒருத்தரும் வரல. இளவரசன் வைத்தியத்துக்கு வழி சொல்லு, அப்புறம் ஷெட்டத் தொற" என்றாள் ஜெயக்கொடி. பேசும்போது உதட்டுக் காயம் திறந்தது.

தங்கராஜ் அவளை, கட்டுப்போட்ட கன்னியப்பனை, உள்ளே ரத்தம் காய்ந்த காரைப் பார்த்தான். "இன்னாக்கா ஆச்சு?"

அவள் சொன்னாள். முதலாளி குறுக்கே குறுக்கே கத்தினான். தங்கராஜ் முழுசாகக் கேட்டுவிட்டு, டூல்ஸ் பையைத் தரையில் இறக்கினான்.

"கொஞ்சம் நவுருக்கா" என்றான்.

ஜெயக்கொடி நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.