எல்லா உயரத்திலும் தகரக் கூரை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஐங்கரனின் வரைபட நிறுவனம். கீழே ரசம் கொதிக்க, மேலே முதலாளியும் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வலேரி இது? தூரத்துல பார்த்தா ஒரே பச்சை. கிட்ட வந்தா திடீர்னு தகரக் கூரை. படம் குதிக்குது லா!"

திரையில் பெரிதாக்கினால் குதிக்கத்தான் செய்யும். தூரத்துக் காட்சிக்கு ஒரு மங்கலான செயற்கைக்கோள் படம், அதன்மேல் அழகுக்காக ஏற்றிய பச்சை. கிட்டத்துக் காட்சிக்குப் போன மாதம் விமானத்திலிருந்து எடுத்த படம்.

அந்தக் கூரைகள் கிள்ளானில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருப்பவை. அவற்றில் ஒன்றின் கீழேதான் வலேரியின் அம்மா டோரிஸ் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். ஐங்கரனுக்கு அது தெரியாது, கேட்டதும் இல்லை. பிற்பகலில் ஒரு கட்டுமான நிறுவனம் அந்த இடத்தை ஆளில்லாத நிலமென்று நகராண்மைக் கழக அதிகாரிக்கு இந்தப் படத்தில்தான் காட்டப்போகிறது. அவர் தலையாட்டினால் வீடுகளை இடிக்க மண்வாரி வரும்.

"எல்லா அளவுலயும் ஒரே மாதிரி இருக்கணும். பட்டதாரிதானே நீ? சொல்லிக் கொடுக்கணுமா?"

"வேணாம் பாஸ். நல்லாவே ஆக்கிடறேன்."

பச்சையைக் கிட்டத்துக் காட்சி வரைக்கும் இழு என்கிறார். அது அவளுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் தொழில்முறை வேறு. கிட்டத்துப் படத்தைச் சுருக்கிச் சுருக்கித்தான் தூரத்துப் படத்தைச் செய்ய வேண்டும். வலேரி முறைப்படியே செய்தாள். சுருங்கும்போது கூரைகள் மரத்தோடு கரைந்துவிடாமல் கொஞ்சம் கூர்மையும் ஏற்றினாள்.

ஐங்கரன் வந்து, சிலாங்கூர் மாநிலம் முழுதும் திரையில் அடங்கும் தொலைவில் ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் கிட்டே போவதெல்லாம் சம்பளக்காரர் வேலை.

"ஹா, இப்பத்தான் அழகா இருக்கு."

பிற்பகலில் அதே மேல்மாடியில் நடந்த கூட்டத்தில், கட்டுமான நிறுவனத்தின் தம்புசாமி படத்தைக் கிட்டே இழுத்தார். கிள்ளான் வந்தது, தண்டவாளம் வந்தது, பச்சை வரவேண்டிய இடத்தில் தகரம் பளிச்சென்று வந்தது. இன்னும் கிட்டே போனார். தகரம். பதறித் தூரம் தள்ளினார். அப்போதும் தகரம்.

"காலி நிலம்னு சொன்னீங்க. வீடுங்கதானே இது?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"பழைய படம், துவான்," என்று ஐங்கரன் முந்திக்கொண்டார்.

"போன மாசத்துப் படம்," என்றாள் கணினிக்குப் பக்கத்தில் நின்ற வலேரி. "ஆளுங்க இருக்காங்க. எங்கம்மா இருக்காங்க."

நேரில் பார்க்காமல் கையெழுத்து இல்லை, இன்றைக்கே போகலாம் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

படிக்கட்டில் ஐங்கரன் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வராதே. நன்றி கெட்டவ."

"எதுக்கு நன்றி பாஸ்? கேட்டதத்தானே செஞ்சேன்."

தெருவில் இறங்கியதும் அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, நகராண்மைக்காரங்க நம்ம வீடுங்களப் பார்க்க வராங்க. எங்கயும் போகாதே. பக்கத்து வீட்டு ஆளுங்களையும் வாசலுக்கு வரச் சொல்லு."

"எத்தனை பேரு வராங்க? எல்லாருக்கும் கலக்க மைலோ பத்தாதே, பிள்ள."