இரவல் இடதுகை

கோர்பின் ட்ரையர் வருகிற கோடையில் செயின்ட் குனிகுண்ட் ஊருக்குத்தான் பந்து வீசுவான் என்பதில் அந்த ஊர்ப் பெரியவர் லியாண்டருக்கு மார்ச் மாதமே ஐயம் தீர்ந்துவிட்டது. அப்போது ஏரியில் பனிக்கட்டிகூட இளகவில்லை. கோர்பினிடம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் இல்லை. அது ஒரு சின்னக் குறைதான். லியாண்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோர்பின் பக்கத்து ஊரான ஹோல்ட்ஸ்பர்க்கின் இடதுகைப் பந்துவீச்சாளன். மின்னசோட்டாவின் அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு சர்ச், ஒரு பீர்க்கடை, ஒரு பேஸ்பால் அணி. சம்பளம் கிடையாது. பால்பண்ணைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நடுவே கோர்பின் வீசிய பந்து வேறு ரகம். கண்ணுக்கே தெரியாது என்று சிலர் சொல்வது சும்மா. தெரியும், போய்ச் சேர்ந்த பிறகு தெரியும். நடுவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லிவந்தார். ஒருமுறை அவருக்குச் சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ள, ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள்.

அப்படிப்பட்டவன் எதற்குக் குனிகுண்டுக்கு வருவான்? லியாண்டரிடம் சான்று இருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் குனிகுண்ட் சர்ச்சின் கீழ்த்தளத்தில் போடும் மீன் வறுவல் விருந்துக்குக் கோர்பின் வந்தான். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினான். வெளியே போனவன் மைதானத்துக்கு எதிரே காலியாகக் கிடந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் “நல்லா இருந்துச்சு” என்றான். மீனைத்தான் சொன்னான் என்பது மற்றவர்கள் கட்சி.

அந்தக் கட்சிக்குத் தலைமை தாங்கியவள் லியாண்டரின் சொந்தத் தங்கை வெரீனா. ஹோல்ட்ஸ்பர்க்கில் வாழ்க்கைப்பட்டு, அந்த ஊர் மைதானத்தில் ஹாம்பர்கர் கடை நடத்துகிறவள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மீன் விருந்தில் அண்ணனுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்தாள்.

“அண்ணே, எங்க சர்ச்சுல எண்ணெய்ச் சட்டி ஓட்டையாப் போச்சு. அதான் எங்க ஊரே இங்க வந்து திங்குது. எங்க வீட்டுக்காரரும்தான் ரெண்டு தடவ வாங்குனாரு. அவரையும் உங்க டீமுல சேத்துக்கிறியா?”

“மாப்பிள்ளை திங்கிற வேகத்துக்குச் சேத்துக்கலாம்தான். வலது கையால தின்னுட்டாரே.”

“கோர்பின் செத்தாலும் உங்க நீலச் சட்டையப் போடமாட்டான்.”

“போடுவான். மாநிலப் போட்டி முடியறதுக்குள்ள போடுவான்.”

“பந்தயமா?”

“என்ன வேணும் கேளு.”

வெரீனா முட்டைக்கோஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே, நெடுநாள் யோசித்து வைத்ததுபோலச் சொன்னாள்: “உன் பெஞ்சு.”

மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் லியாண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய மரச் சர்ச்சை இடித்தபோது, தங்கள் குடும்பம் உட்கார்ந்து வந்த பெஞ்சை லியாண்டர் டிராக்டரில் ஏற்றிவந்து மைதானத்தில், மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் வலைக்கு இந்தப் பக்கம் போட்டிருந்தார். மழையானாலும் வெயிலானாலும் அவர் இடம் அதுதான். அவர் உட்காரும் பகுதி அவர் வடிவத்துக்கே குழிந்திருந்தது. வேறிடத்தில் உட்கார்ந்தால் தனக்கு ஆட்டம் புரிவதில்லை என்பார். ஒருமுறை மருத்துவர் நிற்கச் சொல்லி, நின்றபடி பார்த்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

“எடுத்துக்கோ. ஆனா எடுக்கிற வேல உனக்கு வராது” என்றார் லியாண்டர்.

“சட்டை, அண்ணே. பந்தயம் சட்டைக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

மறுவாரமே அவர் ஒரு நீலச் சட்டை வாங்கி, முதுகில் ‘ட்ரையர்’ என்று தைத்து வைத்தார். மே மாதம் கோர்பின் வழக்கம்போல ஹோல்ட்ஸ்பர்க்குக்கே கையெழுத்துப் போட்டான். குனிகுண்ட் மேலாளர் நார்பர்ட் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து சேதி சொன்னார்.

“பேனா எந்தக் கையில பிடிச்சான்?” என்று கேட்டார் லியாண்டர்.

“இடது கையிலதான்.”

“கை நடுங்குச்சா?”

“பாக்கலய்யா.”

“நடுங்கியிருக்கும்” என்றார் லியாண்டர். கையெழுத்துப் போனாலும் இரவல் இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அந்த மாநிலத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வட்டாரத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகும் அணி, தன் வட்டாரத்தில் தோற்று வெளியேறிய அணிகளிலிருந்து பந்துவீச்சாளர்களை அந்தப் போட்டிக்கு மட்டும் இரவல் எடுத்துக்கொள்ளலாம். நேற்றுவரை எவனை வாயாரத் திட்டினோமோ அவனையே இன்று கும்பிட்டு அழைத்துப் போகலாம். இதில் ஒரே ஒரு சிக்கல். கோர்பினை இரவல் வாங்க வேண்டுமானால் முதலில் கோர்பினைத் தோற்கடிக்க வேண்டும். குனிகுண்ட் மாநிலப் போட்டியைக் கண்ணால் பார்த்தே ஒரு தலைமுறையாகியிருந்தது.

ஆகஸ்டில் வட்டாரக் கடைசி ஆட்டம் குனிகுண்ட் மைதானத்தில் நடந்தது. எதிரில் ஹோல்ட்ஸ்பர்க். அவர்களுக்குக் கோர்பின் வீசினான். இவர்களுக்குக் கெரார்ட். கெரார்ட் குழாய் வேலைக்காரர், நடுவயதைத் தாண்டியவர். அவர் வீசிய பந்தில் ஒரு குருவி உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனதாக லியாண்டர் சொல்வதுண்டு. குருவியில்லை, பட்டாம்பூச்சிதான் என்று கெரார்டே திருத்துவார். ஆனால் அன்று அந்த மந்தமே கைகொடுத்தது. கோர்பினின் வேகத்தையே பார்த்துப் பழகிய ஹோல்ட்ஸ்பர்க்காரர்கள், கெரார்டின் பந்து பாதி தூரம் வருமுன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு அது வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

குனிகுண்ட் பக்கமும் யாரும் கோர்பினைத் தொடவில்லை. கடைசிச் சுற்றில் கெரார்டே மட்டை பிடிக்க வந்தார். வந்தவர் முகத்துக்குக் குறுக்கே மட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

“அந்தாளக் கண்ணத் தொறக்கச் சொல்லுங்கடா!” என்று ஹோல்ட்ஸ்பர்க் பக்கமிருந்து ஒரு குரல்.

“தொறக்காத கெரார்டு. தொறந்தா பயம் வரும்” என்றார் லியாண்டர், பெஞ்சைவிட்டு நகராமல்.

கோர்பினின் பந்து மட்டையைத் தேடிவந்து மோதி, வந்த வேகத்திலேயே திரும்பி, வேலியைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தது. அந்த மாதத்தில் அங்கே சோளம் ஆளை விழுங்கும் உயரம். பந்தைத் தேடிப் போன ஹோல்ட்ஸ்பர்க்காரர் ஒருவர் அடுத்த மாவட்டத்தில்தான் வெளியே வந்தார் என்பார்கள். கெரார்ட் கண்ணைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டு, சொன்ன பிறகே ஓடினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று குனிகுண்ட் ஜெயித்தது.

அன்று சாயங்காலமே நார்பர்ட் இரவலுக்குச் சொன்ன முதல் பெயர் கோர்பின். லியாண்டர் தங்கையைத் தேடிக்கொண்டு அவள் வண்டியருகே போனார்.

“எனக்கு மார்ச்சுலயே தெரியும்.”

வெரீனா சிரித்தாள். தோற்றவள் சிரிக்கிற சிரிப்பில்லை அது. ஹோல்ட்ஸ்பர்க் வருஷம் தவறாமல் மாநிலப் போட்டிக்குப் போய்வந்த ஊர் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. “சட்டையப் போடட்டும், அண்ணே” என்றாள்.

மாநிலப் போட்டியன்று லியாண்டர் இஸ்திரி போட்ட நீலச் சட்டையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மைதான வாசலில் நின்றார். கோர்பின் பச்சைச் சட்டையில் வந்தான். மார்பில் ஹோல்ட்ஸ்பர்க் என்று எழுதியிருந்தது.

“தம்பி, உன் சட்டை இந்தா இருக்கு.”

கோர்பின் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நல்ல பையன். “பெரியவரே, இரவல் வந்தவன் சொந்த ஊர்ச் சட்டையிலதான் வீசணும். அதான் வழக்கம். யாரும் சொல்லலியா?”

நார்பர்ட் வானத்தைப் பார்த்தார். கெரார்ட் பூமியைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. போயிருந்தால்தானே தெரியும். சற்றுத் தள்ளி வெரீனா, அவளுக்குத் தேவையே இல்லாத ஒரு குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. லியாண்டர் பெஞ்சை எறிந்திருந்தார். நீலச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மிடறு பீர் குடித்தார், ருசிக்கவில்லை. பிறகு கோர்பின் முதல் பந்தை வீசினான். அந்தச் சத்தத்தில் பீருக்கு ருசி வந்துவிட்டது.

“நல்லா வீசுறான் நம்ம பையன்” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

“பச்சைச் சட்டை போட்டிருக்கானே?”

“வெயில்ல அப்படித் தெரியுது.”

அன்று குனிகுண்ட் ஜெயித்தது. மறுவாரம் கோர்பினின் தோளுக்கு ஓய்வு என்று கெரார்டை வீசவிட்டுத் தோற்றது. எதிரணியில் கோர்பினின் வேகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் யாரும் இல்லை. திங்கட்கிழமை வெரீனாவும் அவள் கணவரும் வண்டியோடு வந்தார்கள். பெஞ்சின் தலைமாட்டை லியாண்டரே பிடித்து ஏற்றினார். ஓரம் இடிக்காமல் பழைய கம்பளி ஒன்றைச் சுற்றிக் கட்டியவரும் அவர்தான்.

“வருத்தமா அண்ணே?”

“எதுக்கு? எங்காளு ஒருத்தர் அங்க இருக்கட்டும்.”

அடுத்த மே மாதம் ஹோல்ட்ஸ்பர்க்கின் முதல் ஆட்டத்துக்குக் குனிகுண்டிலிருந்து வந்தவர் அவர் ஒருவர்தான். பெஞ்சு வலைக்குப் பின்னால் இருந்தது. அவர் வடிவக் குழியும் அப்படியே இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார். வேறு யாருக்கும் அது பொருந்தாததால் யாரும் தடுக்கவில்லை. மடியில் நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். வெரீனா வெங்காயம் தூக்கலாகப் போட்டு ஒரு ஹாம்பர்கர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போது கோர்பின் அந்த வழியாக வந்தான். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, குனிந்து, ஷூ கயிற்றைக் கட்டினான். எழுந்து போகுமுன் பெஞ்சைக் கையால் ஒருமுறை தட்டி, “நல்லா இருக்கு” என்றான்.

லியாண்டர் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக விழுங்கினார்.

“பாத்தியா? உக்காந்துட்டான்.”

“கயிறு கட்ட உக்காந்தான், அண்ணே.”

“மொதல்ல கயிறு கட்டத்தான் உக்காருவாங்க” என்றார் லியாண்டர்.