ஒன்றாம் நம்பர் வில்லை

கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரின் பெயர் வேண்டாம். 1977 ஐப்பசி மழையில் அங்கே ஒரு வெறிநாய் பதினோரு பேரைக் கடித்தது. ஊர்க்காரர்களைக் கேட்டால் இருநூறு பேர் என்பார்கள். தொப்புளைச் சுற்றி ஆளுக்குப் பதினான்கு ஊசி போட்டதில், ஊசி எது, ஆள் எது என்று எண்ணிக்கை குழம்பிப் போயிற்று.

உடனே நகராட்சி சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியது. மொத்தம் ஒன்பது விதி. நாய் வளர்ப்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், நம்பர் அடித்த பித்தளை வில்லையை எந்நேரமும் நாயின் கழுத்தில் கட்டியிருக்க வேண்டும். வில்லை இல்லாத நாயைக் கூண்டு வண்டி பிடித்துப் போகும். அன்றே பகல் ஒரு மணிக்குள் சுகாதார ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினால் மீட்கலாம், இல்லாவிட்டால் குப்பைக்கிடங்கில் விஷக் கறிதான்.

ஊரில் ஒருத்தரும் அதை வாசிக்கவில்லை. மளிகைக்கடை ஞானசிகாமணி மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேத வசனம் மனப்பாடம் செய்கிற மாதிரி ஒன்பதையும் நெட்டுருப் போட்டார்.

அவர் அப்படித்தான். எடைக்கல்லுக்கு முத்திரை போட ஆபீசர் வருகிறார் என்றால் பஜாரில் மற்ற கடைக் கல்லெல்லாம் ஓடி ஒளியும். இவர் கடைக் கல் மட்டும் குளித்துத் தலைவாரி வாசலில் வந்து நிற்கும். விளக்கில்லாத சைக்கிளில் பட்டப்பகலில்கூட ஏற மாட்டார். அப்பேர்ப்பட்டவர் லைசென்சுக்கு விடுவாரா? நகராட்சிக் கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முந்தியே நாயோடு போய் நின்றார். கிடைத்தது ஒன்றாம் நம்பர். அந்த வருஷம் இரண்டாம் நம்பர் என்று ஒன்று யாருக்கும் தேவைப்படவேயில்லை.

நாயின் பெயர் ஜட்ஜ். செம்மண் நிறத்துச் சாதா நாட்டு நாய்தான். ஆனால் வாடிக்கைக்காரர் பேசுவதையெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தீர்ப்பை ஒத்திவைத்த மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும். வில்லை வந்த பிறகு கடைப்படியில் அது உட்கார்ந்த தோரணையைப் பார்த்து, பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்து ஹாரனையும் அடக்கினார்கள் என்று பேச்சு.

எதிர்வீட்டு அக்கம்மாளுக்குச் சிரிப்புத் தாங்காது.

"ஏன் அண்ணாச்சி, அடுத்து உங்க நாய்க்கு ரேஷன் கார்டா?"

"சிரி ஆத்தா, சிரி. வண்டி வரட்டும், அப்ப ஒன் நாயி எங்கன போகுதுன்னு பாக்குறேன்."

"வந்தா கோழிப் பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து மேல ஒக்காந்துக்கிருவேன். எந்த வில்லைக்காரன் என்னை எந்திரிக்கச் சொல்லுவான்?"

டிசம்பர் இருபத்துநாலு, சனிக்கிழமை. விடிந்தால் கிறிஸ்துமஸ். காலையில் கிருபாவதி கொல்லையில் உட்கார்ந்து குத்துவிளக்கு, குடம், சொம்பு என்று வீட்டுப் பித்தளையை எல்லாம் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். பார்த்த ஞானசிகாமணிக்கு ஆசை வந்தது. மறுநாள் கோயில் வாசல்வரை ஜட்ஜும் கூட வரும். சபையே பார்க்கும். வில்லை இப்படி மங்கலாகவா இருப்பது? கழுத்தோடு தேய்த்தால் புளித்தண்ணி பட்டுத் தோல் வார் கெட்டுப்போகும். வாரோடு கழற்றினார். வாருக்கு நல்லெண்ணெய் தடவிக் கொடியில் காயப் போட்டுவிட்டு, மனைவியிடம் ஒரு உருண்டை புளி வாங்கிக்கொண்டு குந்தினார். வில்லை மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கண் கூசும் அளவுக்கு மின்னும்வரை தேய்த்தார்.

தெருவில் சத்தம் கிளம்பியது. "ஏலே, கூண்டு வண்டி! நாயைப் பிடி, உள்ள போடு!" கதவுகள் படபடவென்று அடைபட்டன. ஒரு வீட்டில் நாய் பரணில் ஏறியது, ஒரு வீட்டில் தொட்டிலில் படுத்தது. அக்கம்மாள் பஞ்சாரத்தின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

ஞானசிகாமணி சிரித்தார். "ஓடுறதைப் பாரு கிருபா. நாம பயப்படணுமா? நம்ம நாய்க்குத்தான் வில்லை இருக்கே."

சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தார். வில்லை கையில் இருந்தது.

வாசலுக்கு ஓடிவந்தபோது படி காலி. சைக்கிளை எடுத்து மிதித்து, வண்டியை பஸ் ஸ்டாண்ட் பக்கம் மறித்தார். மற்றதெல்லாம் தெருநாய். நடுவில் ஜட்ஜ், ஏதோ வழக்கு விசாரணைக்கு வந்த மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் வால் கூண்டுக் கம்பியில் டங்டங்கென்று அடித்தது.

நாய் பிடிக்கிற மொக்கைச்சாமிக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான் கழுத்தை மட்டுந்தான் பாப்பேன் அண்ணாச்சி. மூஞ்சியப் பாத்தா இந்த வேலை செய்ய முடியாது. உங்க நாயின்னு தெரியலையே."

"வில்லை இந்தா இருக்கு."

"நல்லதாப் போச்சு. நான் அங்கிட்டுத் திரும்பி பீடி பத்த வைக்கிறேன். கொண்டியத் தூக்கிட்டு இழுத்துட்டுப் போங்க."

ஞானசிகாமணியின் கை கொண்டிவரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"வேணாம் மொக்கை. ஒன்னாம் நம்பரு நாயி. அதைத் திருட்டுக் கோழி மாதிரி கொண்டு போகவா? ஒரு மணிவரை டயம் இருக்கு. சீட்டோட வாரேன்."

"ஐயோ அண்ணாச்சி, யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்க வேணாம். முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

ஆய்வாளர் குருசாமி ஊரில் இல்லை. சனிக்கிழமை என்பதால் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தார். எதிர்க்காற்றில், மாட்டுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஞானசிகாமணி மிதித்தார். குச்சனூரில் அன்றைக்கு இந்த ஜில்லாவின் சனி பிடித்தவர்கள் மொத்தமும் கூடியிருந்தார்கள். அதில் ஆய்வாளரைத் தேடிப் பிடிக்கவே பதினொன்றரை ஆயிற்று. எள் பொட்டலம் மடித்த காகிதத்தைப் பிரித்து அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் குருசாமி. போட்டுவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? நாயைச் சும்மா கூட்டிட்டுப் போயிருக்கலாமே. நான் என்ன தூக்கிலயா போடப்போறேன்?"

ஞானசிகாமணி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வரும் வழியில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும், பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற கவனத்தோடு மாட்டினார்.

குப்பைக்கிடங்கு வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. சட்டப்படி இன்னும் அரை மணி நேரம் பாக்கி.

மொக்கைச்சாமி வேப்பமரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மரத்தில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் சுருக்கு அப்படியே இருந்தது.

"தனியாத்தான் கட்டி வச்சேன் அண்ணாச்சி, சத்தியமா. ஒரு மணி இல்ல, சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன். கழுத்துல வார் இருந்திருந்தா கொக்கி போட்டிருப்பேன். இல்லையேன்னு கயித்தத்தான் சுத்தினேன், இறுக்குனா வலிக்குமேன்னு கொஞ்சம் லூசா. கேட்டு வர ஆளில்லாத மத்ததுக்குக் கறி வச்சுட்டுத் திரும்புறேன், தலைய உருவிட்டு..."

சுவரோரம் கை காட்டினான்.

ஜட்ஜ் சுவரோரம் படுத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஞானசிகாமணி குனிந்து தொட்டார். சூடு இருந்தது. சட்டைப்பையிலிருந்து எள் மணக்கிற சீட்டை எடுத்து மொக்கைச்சாமியிடம் நீட்டினார்.

"சரியா இருக்கான்னு பாரு."

மொக்கைச்சாமிக்கு வாசிக்கத் தெரியாது. வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குழி. ஞானசிகாமணி தானே வெட்டினார். பிறகு கொடியில் காய்ந்த வாரை எடுத்து, ஜட்ஜின் கழுத்தில் போட்டு, வழக்கமான மூன்றாவது துளையில் கொக்கியை மாட்டினார். காலையில் தேய்த்த பளபளப்பு கொஞ்சமும் குறையவில்லை.

கிருபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நாய் செத்தா மூணு நாளுக்குள்ள வில்லையைத் திருப்பிக் குடுக்கணும், அதுதான் ஒன்பதாவது விதின்னு நீங்கதான சொன்னீக?"

"ஆமா," என்றார். மண்ணைத் தள்ளினார்.

மறுநாள் கோயிலுக்குப் போனார்கள், இரண்டு பேர் மட்டும். அக்கம்மாள் அன்றிலிருந்து தன் நாயைப் பின்வாசல் வழியாகவே கூட்டிப்போனாள். கடைக்கு வந்தால் ஒரு கேலியும் பேசாமல், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனாள். பஸ் டிரைவர்கள் பழையபடி ஹாரன் அடித்தார்கள்.

பங்குனியில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்றாம் எண் வில்லை புதுப்பிக்கப்படவுமில்லை, ஒப்படைக்கப்படவுமில்லை. ஏழு நாளுக்குள் விளக்கம் தேவை. ஞானசிகாமணி கடையை அடைத்துவிட்டு, கோடு போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவுக்கு மை ஊற்றினார். பிறகு எழுதினார்.

'ஐயா, மூன்றாம் விதிப்படி வில்லை நாயின் கழுத்தில் இருக்கிறது.'